ஆன்டனியின் ஒன்பது படங்கள்

அழுத்திய பிறகுதான் அந்த முகம் அக்னஸுக்குப் பிடிபட்டது.

ஒரு நாளைக்கு எழுநூறு கணக்குகள். ஒன்றுக்கு அரை நிமிடம். திண்டிவனத்தில் ஒரு ஜவுளிக்கடையின் இரண்டாம் மாடியில், ஏசியின் ஈரத்துணி வாடையும் இன்வெர்ட்டரின் ஓயாத முனகலும் நிறைந்த நீளமான அறையில், பன்னிரண்டு பேர் உட்கார்ந்து ஒரு சமூக வலைத்தளத்தின் சந்தேகக் கணக்குகளை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்க வேண்டியது கொஞ்சம்தான். கணக்கு எப்போது திறந்தது, படங்கள் சொந்தப் படங்களா வேறு கணக்கிலிருந்து எடுத்தவையா, ஒரே வாக்கியத்தை எத்தனை பேருக்கு அனுப்பியிருக்கிறது, கடைசியாக எந்த ஊரிலிருந்து இயங்கியது. உண்மை என்றால் பச்சைப் பொத்தான், போலி என்றால் சிவப்பு. மூன்று வருடப் பழக்கத்தில் அக்னஸின் விரல் அவள் கண்ணுக்கு முந்திக்கொண்டு போகும்.

அன்றும் அப்படித்தான் போனது. சிவப்பை அழுத்திவிட்டாள். திரை அடுத்த கணக்குக்கு மாறுவதற்கு முந்தைய அந்தச் சின்ன இடைவெளியில், தண்ணீர் லாரி ஒன்றின் மேல் சாய்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி நிற்கும் ஒருவனைப் பார்த்தாள். அவளுடைய அண்ணன் ஆன்டனி.

ஆன்டனி குவைத்துக்குப் போய் நான்கு வருடம் ஆகிறது. தண்ணீர் லாரி ஓட்டுகிறான். வெள்ளிக்கிழமை தவறாமல் போன் செய்வான். கடந்த ஏழு வாரமாகப் போன் இல்லை. அவன் எண்ணும் கிடைக்கவில்லை, அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்த கண்டமங்கலத்து இருதய அருண் எண்ணும் கிடைக்கவில்லை. விழுப்புரத்தில் ரயில்வே லைனை ஒட்டிய ஓட்டு வீட்டில், அம்மா சவுரியம்மாள் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வேர்க்கடலை மண்டியில் மல்லாட்டை உடைக்கும் வேலை முடிந்து வந்து, கைகால்கூடக் கழுவாமல், செல்போனை மடியில் வைத்துக்கொண்டு விளக்கு வைக்கிற நேரம் வரை உட்கார்ந்திருப்பாள்.

அக்னஸ் நீக்கிய கணக்கின் விவரத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தாள். திறந்து இரண்டு நாள். ஒன்பது படங்கள், ஒன்பதும் அண்ணனின் பழைய கணக்கிலிருந்து எடுத்தவை. நூற்று நாற்பது பேருக்கு ஒரே வாக்கியம் போயிருந்தது.

'நல்லா இருக்கியா. நான் வந்துகினு இருக்கேன். வீட்ல இரு.'

பக்கத்து இருக்கை வேணி எட்டிப் பார்த்தாள். "உங்கண்ணன் படத்த சுட்டுட்டானுங்களா? கல்ஃப்ல இருக்கறவங்க படம்னா இவனுங்களுக்கு அல்வா மாதிரி."

"ஆமா."

"அப்புறம் என்னாத்துக்கு இப்படி முழிச்சிக்கினு இருக்க? ஃபேக்குனா ஃபேக்கு. தூக்கிட்ட இல்ல, விடு."

அக்னஸ் விடத்தான் பார்த்தாள். ஆனால் அவள் பார்த்த போலிகள் எல்லாம் எதையாவது கேட்கும். பணம் கேட்கும், நம்பர் கேட்கும், எதையாவது அழுத்தச் சொல்லும். எதுவுமே கேட்காத ஒன்றை இந்த மூன்று வருடத்தில் அவள் பார்த்ததில்லை. கடைசியாக இயங்கிய ஊர் என்ற இடத்தில் 'தாம்பரம்' என்று இருந்தது. அது திங்கட்கிழமை.

செவ்வாய்க்கிழமை காலை அதே ஒன்பது படங்கள், புதுக் கணக்கு. செங்கல்பட்டு. நீக்கினாள். மதியம் இன்னொன்று, மாலைக்குள் இன்னும் நான்கு. புதன்கிழமை பதினொரு கணக்குகள், எல்லாம் மேல்மருவத்தூர். அவை மற்றவர்கள் வரிசைக்குப் போகவேயில்லை. பன்னிரண்டு பேரில் அக்னஸின் திரையில் மட்டும் வந்தன. தெரிந்தவர்கள் கணக்கு வந்தால் கையை எடுத்துவிட்டு டீம் லீடரிடம் சொல்ல வேண்டும் என்பது விதி. அவள் சொல்லவில்லை. சொன்னால் அதை வேறு யாராவது பார்ப்பார்கள், பச்சையை அழுத்திவிடுவார்கள் என்று ஒரு பயம் அதற்குள் வந்துவிட்டிருந்தது.

வேணியிடம் மட்டும் மெதுவாகக் கேட்டாள். "ஊரு பேரு தினம் மாறிக்கினு வருதே, ஏன்?"

"டவர வெச்சி குத்துமதிப்பா காட்டும். அத போயி நம்பிக்கினு." வேணி சிரித்துவிட்டுத் தன் திரைக்குத் திரும்பிவிட்டாள்.

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு. அங்கிருந்து மேல்மருவத்தூர். அக்னஸ் தினமும் பஸ்ஸில் போய் வருகிறவள், அந்த ஜி.எஸ்.டி. சாலையின் தூரமெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஒவ்வொன்றுக்கும் இடையில் முப்பது கிலோமீட்டர், கொஞ்சம் முன்பின். ஓர் ஆள் ஒரு நாளில் நடக்கிற தூரம்.

வியாழக்கிழமை அந்த இடத்தில் 'திண்டிவனம்' என்று இருந்தது.

அன்று முழுக்க மழை. மதியம் கரண்ட் போய், விசிறிகள் நின்று, இன்வெர்ட்டரில் திரைகள் மட்டும் எரிந்துகொண்டிருந்த அரையிருட்டில், ஜன்னல் ஓரத்துத் தகரத்தில் மழை விழும் சத்தத்தையும் கீழே ஜவுளிக்கடையில் யாரோ சேலையை உதறி விரிக்கும் சத்தத்தையும் தாண்டி, படிக்கட்டில் ஏதாவது கேட்கிறதா என்று அக்னஸ் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு வேணியின் குடைக்குள் ஒண்டிக்கொண்டு, ஒரு முகத்தையும் நிமிர்ந்து பார்க்காமல் போய், விழுப்புரம் பஸ்ஸில் வலதுபக்க ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

கூட்டேரிப்பட்டு தாண்டியதும் பஸ் வேகம் பிடித்தது. வெளிச்சம் குறைந்து வந்தது. கண்ணாடியில் வழியும் தண்ணீருக்கு அப்பால், நடுத் தடுப்பின் அரளிச் செடிகளை ஒட்டி, விழுப்புரம் பார்த்து ஓர் ஆள் நடந்து போய்க்கொண்டிருந்தான். குடை இல்லை. பஸ் அவனைப் பின்னாலிருந்து நெருங்கியது. நெருங்கும்போது தெரிந்திருக்க வேண்டியது முதுகு. தெரிந்தது முகம். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிய முகம். பஸ் அவனைத் தாண்டியது. அக்னஸ் திரும்பிப் பார்த்தாள். தாண்டிய பிறகும் முகம்தான் தெரிந்தது. கால்கள் மட்டும் ஒரே சீராக விழுப்புரத்தை நோக்கி வந்துகொண்டிருந்தன.

வீட்டில் அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை டீம் லீடர் புகழேந்தி அவள் இருக்கைக்குப் பின்னால் வந்து நின்றார். "என்னம்மா அக்னஸ், ஒரே செட்டு முப்பது தடவ வந்திருக்கு. பேஜாரா போச்சி. ஒண்ணொண்ணா எடுத்துக்கினு இருந்தா முடியாதும்மா. படத்த வெச்சி தேடு. எங்கெங்க இருக்கோ மொத்தமா செலக்ட் பண்ணி தூக்கிடு."

"சரி சார்."

தேடினாள். முப்பத்தொரு கணக்குகள் பட்டியலாக வந்தன. எல்லாவற்றின் பக்கத்திலும் தானாகவே டிக் விழுந்திருந்தது. முப்பது, இந்த வாரத்தில் திறந்தவை; அவள் ஏற்கெனவே நீக்கியவையும் திரும்ப முளைத்திருந்தன. பட்டியலின் அடியில் இருந்த முப்பத்தொன்றாவது, 2010இல் திறந்தது. கடைசியாக இயங்கியது ஏழு வாரத்துக்கு முன்னால், குவைத்திலிருந்து. லாரிப் படத்துக்குக் கீழே 'அண்ணா மீசை சூப்பர்' என்று அவளே எழுதியிருந்தது. அது நிஜம். அது ஆன்டனி. ஆனால் விதிப்படி பார்த்தால் அதில் இருப்பதும் அதே ஒன்பது படங்கள்.

அந்த ஒரு டிக்கை எடுத்துவிடலாம் என்று மவுஸை கீழே கொண்டுபோனாள். அப்போது பட்டியலின் மேலே இருந்த கணக்கில் ஊர்ப் பெயர் மாறியது. 'விக்கிரவாண்டி' என்று இருந்தது. 'விழுப்புரம்' ஆனது. மழைக்கு மண்டி மூடியிருந்தது, அம்மா வீட்டில் தனியாக இருந்தாள்.

டிக்கை எடுக்க ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடிக்கு அவள் கை பொறுக்கவில்லை. சிவப்பை அழுத்திவிட்டாள்.

முப்பத்தொன்றும் போயின. சாயங்காலம் வரை ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. அடுத்த நாள் காலையிலும் வரவில்லை. பழைய கணக்கை மீட்க யாரிடம் எப்படிச் சொல்வது என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது, சனிக்கிழமை பதினொரு மணிக்கு அம்மாவிடமிருந்து போன் வந்தது.

"அக்னசு, ஜல்தி கெளம்பி வா. யாரு வந்திருக்கா பாரு." அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். "நடந்தே வந்திருக்கான்டி. பஸ்ஸுக்குக்கூட காசு இல்ல போல. நடந்தே."

தெருமுனையிலேயே தெரிந்தது. வீட்டு நிலைப்படியில் சாய்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு ஆன்டனி நின்றான். மூன்று நாளாக வானம் மூடிக்கிடந்தது, தெருவெல்லாம் கணுக்கால் வரை தண்ணீர். அவன் முகத்தின் இடப்பக்கத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அந்த வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருந்தான்.

"நல்லா இருக்கியா. நான் வந்துட்டேன். இனிமே எல்லாம் சரியாயிடும்" என்றான்.

குரல் ஆன்டனியின் குரல். பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாள் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். அவளிடமும் சொன்னான். நல்லா இருக்கியா. நான் வந்துட்டேன். இனிமே எல்லாம் சரியாயிடும். அதே ஏற்றம், அதே இறக்கம், 'வந்துட்டேன்' முடிந்ததும் அதே அளவு இடைவெளி. கோவிந்தம்மாள் அவனைத் தூக்கி வளர்த்தவள், அறுபது வயது. பழைய ஆன்டனி அவளிடம் ஒருமையில் பேசி யாரும் கேட்டதில்லை.

"பாலைவனத்துல ஒட்டகத்தோட கெடந்திருக்கான், மருவாதி மறந்துபோச்சி" என்று கோவிந்தம்மாளே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் ஞாயிறு, இறந்தவர்கள் திருநாள். அம்மா அவனைக் கூட்டிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். அப்பா பாக்கியசாமியின் கல்லறையில் செவ்வந்திப் பூ போட்டு, மழைக்குக் குடையைச் சாய்த்து மெழுகுவத்தி ஏற்றினார்கள். ஈர மண்ணும் சாம்பிராணியும் உருகும் மெழுகும் கலந்த வாசம். சுற்றிலும் குடும்பம் குடும்பமாக ஆட்கள், குழந்தைகளின் சத்தம், தூரத்தில் ஃபாதர் ஒவ்வொரு கல்லறையாகத் தண்ணீர் தெளித்து மந்திரித்துக்கொண்டு வந்தார். ஆன்டனி இன்று வெள்ளைச் சட்டையில் இருந்தான். கோயில் திருவிழாவில் எடுத்த படத்தில் இருக்கிற சட்டை, இடது காலர் உள்ளே மடிந்தபடி. அந்தச் சட்டை வீட்டு பீரோவில் அப்பாவின் வேட்டிக்கு அடியில் மடித்து இருப்பதை அன்று காலைதான் அக்னஸ் திறந்து பார்த்திருந்தாள். இப்போதும் அங்கேதான் இருக்கும்.

ஃபாதர் வந்தார். "எப்பப்பா வந்த?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கியா. நான் வந்துட்டேன். இனிமே எல்லாம் சரியாயிடும்."

ஃபாதர் ஒரு கணம் அவனைப் பார்த்தார். பிறகு அடுத்த கல்லறைக்குப் போய்விட்டார். ஆன்டனி அப்பாவின் சிலுவையைப் பார்த்துக் குனிந்தான். நல்லா இருக்கியா என்றான். அதற்குப் பக்கத்துக் கல்லறையிடம் சொன்னான். அதற்கும் அடுத்ததிடம். அம்மா கண்ணை மூடி ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் வரிசையின் கடைசி வரை போனான், ஒவ்வொன்றிடமும் சொல்லிக்கொண்டு. ஒரே வாக்கியம், எத்தனை பேருக்கு. அக்னஸ் தன்னையறியாமல் எண்ணிக்கொண்டிருந்தாள்.

திங்கள் முதல் அவள் வேலைக்குப் போனாள், போகாமல் இருந்தால் வீட்டில் இருக்க வேண்டும் என்பதால். ஒவ்வொரு சாயங்காலமும் திரும்பி வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே என்ன கேட்கிறது என்று நின்று கேட்பாள். அம்மாவின் பேச்சு மட்டும் கேட்கும். மண்டியில் நடந்தது, மழைக்கு மல்லாட்டை ஈரமானது, யார் பெண்ணுக்கு எங்கே வரன் வந்தது, அவனுக்கு ஒரு பெண் பார்க்க வேண்டும் என்று அம்மா நிறுத்தாமல் பேசிக்கொண்டிருப்பாள். ஏழு வாரத்தில் வற்றிப்போயிருந்த கன்னம் மூன்றே நாளில் மினுங்கியது. அவன் எதிரில் இருப்பான். கரண்டியைப் பிடித்துச் சிரித்தபடி. அல்லது தட்டோடு, கவளத்தை வாய்க்குப் பாதி வழியில் வைத்துக்கொண்டு. அல்லது கறுப்புக் கண்ணாடியோடு, இரண்டு விரலைக் காட்டி. ஒன்பது. படங்களில் இருந்த அதே ஒன்பது நிலைகள்; எண்ணிக்கை ஒருநாளும் பத்து ஆகவில்லை. தட்டில் சோறு ஆறிக் காய்ந்துபோகும். "புள்ள நல்லா சாப்ட்டான்" என்று அம்மா தட்டைக் கழுவி வைப்பாள்.

அவனிடமிருந்து ஒரு வாசமும் வரவில்லை. வியர்வை இல்லை, சோப்பு இல்லை. பாய் விரித்தால் அவன் படுப்பதில்லை.

புதன்கிழமை அம்மா தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்கு வந்தபோது அக்னஸ் சொல்லிவிட்டாள். "அம்மா, அது அண்ணன் இல்ல."

அம்மா குடத்தைக் குழாய்க்கு அடியில் வைத்தாள். தண்ணீர் நிரம்பி வழிந்தது.

"ஏழு வாரம் நான் எப்படி இருந்தேன்னு உனக்குத் தெரியுமாடி?"

"தெரியும்மா."

"தெரியாது. உனக்குத் தெரியாது." குடத்தை இடுப்பில் தூக்கி வைத்தாள். "வந்திருக்கான். எனக்கு அது போதும். இன்னொரு தடவ அந்த வார்த்தய என் வூட்ல பேசாத."

வியாழக்கிழமை அலுவலகத்தில், திரையில் யாரோ ஒருவனின் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவளுக்கு அது தோன்றியது. சிவப்பை நோக்கிப் போன விரல் நின்றுவிட்டது. ஒன்பது படங்களையும் மனதில் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். லாரி, வெள்ளைச் சட்டை, கரண்டி, தட்டு, கறுப்புக் கண்ணாடி, மற்ற நான்கு. எல்லாவற்றிலும் ஆன்டனி கேமராவைப் பார்க்கிறான். எல்லாம் முன்பக்கம். அண்ணனைப் பின்னாலிருந்து யாரும் படம் எடுத்ததில்லை.

ஐந்து நாளாகிறது. அவன் அறையை விட்டுப் போகும்போதுகூட அவள் பார்த்தது அவன் முகத்தைத்தான்.

அன்று சாயங்காலம் அம்மா கடைக்குப் போயிருந்தாள். அவன் நடுவீட்டில் நின்றான், கைகளைக் கட்டிக்கொண்டு. டியூப் லைட் மினுக்கியது. அவள் சுவரோரமாக, சமையல் மேடைப் பக்கமாக நகர்ந்தாள். அவன் முகம் அவள் கூடவே வந்தது. கால் நகரவில்லை. பீரோ பக்கம் போனாள். முகம் வந்தது. அவனைச் சுற்றி ஒரு முழு வட்டம் போனாள், மெதுவாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு. முகம். முகம். முகம். இடது கன்னத்தில் வெயில். தொடங்கிய இடத்துக்கே வந்து நின்றாள்.

"நல்லா இருக்கியா" என்றான்.

அவள் வாசலுக்கு ஓடிவிட்டாள். அம்மா வருகிற வரை கோவிந்தம்மாள் வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தாள். என்ன ஆச்சு என்று கோவிந்தம்மாள் கேட்டதற்குத் தலைவலி என்றாள்.

சனிக்கிழமை, மாதத்தின் இரண்டாம் சனி, அவளுக்கு விடுமுறை. மழை விட்டு வெயில் அடித்தது. வாசல் வழியாக வந்த வெளிச்சம் நடுவீடு வரை நீண்டது. அம்மா நல்லெண்ணெயில் மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சினாள். வீடு முழுக்க அந்த மணம். நடுவீட்டில் மணையைப் போட்டு, வாசலைப் பார்க்க அவனை உட்காரவைத்து, பின்னால் ஒரு முக்காலியில் அம்மா உட்கார்ந்தாள். எண்ணெய்க் கிண்ணம் மடியில்.

அக்னஸ் வாசலில் நின்றாள். உள்ளே போக முடியவில்லை. அம்மாவை விட்டுவிட்டு வெளியே போகவும் முடியவில்லை.

அவளுடைய போன் அடித்தது. பெரிய நம்பர், வெளிநாட்டு நம்பர்.

"பாப்பா, நான்தான். சத்தம் போடாத."

ஆன்டனி மட்டும்தான் அவளைப் பாப்பா என்று கூப்பிடுவான்.

"ஏய் பாப்பா, இருக்கியா? லாரி கவுந்துபோச்சி. மண்டையில அடி. ரெண்டு மாசமா ஆஸ்பத்திரியில நெனப்பே இல்லாம கெடந்திருக்கேன். செல்லு, பாஸ்போர்ட்டு ஒண்ணும் இல்ல. அருணும் வேற கேம்ப்புல மாட்டிக்கினு நேத்துதான் தேடி வந்தான். அவன் வாங்கின சிம்முலதான் பேசறேன்." பின்னால் ஏதோ கருவி சீராக ஒலித்தது, யாரோ அரபியில் பேசினார்கள். அவன் இருமினான். இருமலுக்கு நடுவில் சிரித்தான். "என் அக்கவுண்ட்டு தொறந்து உங்களுக்கு மெசேஜ் போடலாம்னு பார்த்தேன். ஃபேக்குனு தூக்கிட்டாங்களாம். நானே ஃபேக்கா பாப்பா? நீ அழறியா? அழாத. அம்மா எப்படி இருக்கு? சாப்புடுதா? அம்மாகிட்ட குடு."

ஐந்து கேள்வி. ஒன்றுபோல் ஒன்று இல்லை.

நடுவீட்டில் அது அவளையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

உள்ளே போனாள். நான்கு காலடி. சுவரைத் தொட்டுக்கொண்டே போய், முகத்தைத் திருப்பிக்கொண்டு, அம்மாவின் பக்கம் போனை நீட்டினாள். "அம்மா. அண்ணன். அண்ணன் பேசுதும்மா. கேளு."

அம்மா எண்ணெய் படாத இடது கையால் போனை வாங்கிக் காதில் வைத்தாள். கேட்டாள். வெகுநேரம் கேட்டாள். கண் ஓரத்தில் தண்ணீர் கோத்தது. அக்னஸ் பின்னோக்கியே வாசலுக்கு நகர்ந்தாள்.

"யாருப்பா நீ?" என்றாள் அம்மா. குரலில் கோபம் இல்லை. "என் புள்ள என் எதிர்ல குந்திக்கினு இருக்கான்பா. நீ யாரு வூட்டு புள்ளையோ. வேணாம்பா. இனிமே போன் பண்ணாத."

போனுக்குள் 'அம்மா, அம்மா' என்று கேட்டது. அம்மா கட்டைவிரலால் தேடி, அழைப்பைத் துண்டித்தாள். தரையில் கவிழ்த்து வைத்தாள்.

"ராங் நம்பருடி. அப்படியே இவன் மாதிரியே பேசறான். உன் ஆபீஸ்ல சொல்லி அந்த நம்பர தூக்கிடு."

"அம்மா, வந்துடு. எழுந்து வந்துடும்மா."

அம்மா கிண்ணத்தில் விரல்களை முக்கினாள். அவன் தலைக்குப் பின்னால் கையைக் கொண்டுபோனாள். அழுத்தித் தேய்க்கத் தொடங்கினாள்.

"இங்க பாரு அக்னசு. மண்ட எவ்ளோ மெத்துனு இருக்கு. சின்ன புள்ளயில இருந்தா மாதிரியே."

எண்ணெய் மணம். வாசல் வெயில். தரையில் கவிழ்ந்த போன் மறுபடி அதிரத் தொடங்கியது. அம்மா அதைப் பார்க்கவில்லை. கை இன்னும் முன்னால், பின்மண்டை இருந்திருக்க வேண்டிய இடத்துக்குள் போனது. மணிக்கட்டு மறைந்தது. கண்ணாடி வளையல்கள் மறைந்தன.

அக்னஸ் அந்த முகத்தைப் பார்த்தாள். அது அவளைப் பார்த்துச் சிரித்தது. இடது கன்னத்தில் வெயில். கண் சுருங்கியிருந்தது. அந்தச் சிரிப்பு கொஞ்சமும் மாறவில்லை. அதன் கன்னங்களுக்குள், தோலுக்கு அடியில், அம்மாவின் ஐந்து விரல்களும் மெல்ல மெல்ல, வட்டம் வட்டமாக, எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தன.